மிளகு கப்பலேறுகிறது, கூலி எங்கே நிற்கிறது?

2025 ஜூலை 24 அன்று லண்டனில் இந்தியாவும் பிரிட்டனும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடுத்த சில நாட்களுக்குப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டே இருந்தது. தேயிலை, காப்பி, மசாலாப் பொருள்கள், மாம்பழக் கூழ், ஊறுகாய். இவையெல்லாம் இனி வரியில்லாமல் அந்த நாட்டுச் சந்தைக்குப் போகும், இந்திய விவசாயிக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றார்கள். கூடலூர் பக்கம் ஒரு மாலைநேர வகுப்பில் இந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது, பிளஸ் டூ மாணவி ஒருத்தி கேட்டாள்: "எங்கம்மா இருபது வருசமா கொழுந்து பறிக்கிறாங்கண்ணா. இதனால அவங்க கூலி ஏறுமா?"

ஏறாது. அதை அப்போதே சொல்லிவிட்டேன். ஏன் ஏறாது என்பதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் தேயிலையையே எடுத்துக்கொள்வோம். நாம் அன்றாடம் குடிக்கும் கறுப்புத் தேயிலைக்கு பிரிட்டனில் இந்த ஒப்பந்தத்துக்கு முன்பே இறக்குமதி வரி கிடையாது. இந்தியத் தேயிலைக்கு மட்டுமல்ல, கென்யாவுக்கும் இலங்கைக்கும் அதே நிலைதான். இல்லாத வரியை நீக்கிவிட்டு அதையும் ஆதாயக் கணக்கில் எழுதிவிட்டார்கள். வெந்நீரில் அப்படியே கரைகிற தேயிலைத்தூள் போன்றவற்றுக்கு வரி இருந்தது. அது போனதில் லாபம் உண்டுதான். ஆனால் அந்த லாபம் தூள் செய்யும் ஆலைக்குப் போகும், கொழுந்து பறிக்கும் கைக்கு வராது. இந்தியாவில் ஓராண்டில் விளையும் தேயிலை ஏறத்தாழ 130 கோடி கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் கப்பலேறுகிறது. மீதியை நாமே குடித்துவிடுகிறோம்.

இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உலக வர்த்தக அமைப்பின் பொதுவிதி, ஒரு பொருளுக்கு ஒரு நாடு போடும் வரி எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. ஆனால் இரண்டு நாடுகளோ ஒரு வட்டார நாடுகளோ சேர்ந்து தங்களுக்குள் மட்டும் வரியைக் குறைத்துக்கொள்ள அதே அமைப்பு விதிவிலக்குத் தருகிறது. அந்த வழியில் வந்தவைதான் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை ஒப்பந்தம், 2006இன் தெற்காசிய ஒப்பந்தம், 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தம், 2022இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடும் ஆஸ்திரேலியாவோடும் செய்துகொண்டவை. 2019 நவம்பரில் சீனாவும் இருந்த ஆர்.சி.இ.பி. என்ற பெரிய கூட்டிலிருந்து இந்தியா விலகியது. விவசாய, பால் உற்பத்தியாளர் சங்கங்களின் எதிர்ப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். எதிர்ப்புக்குப் பலன் உண்டு என்பதற்காக இதைக் குறித்துவைக்கிறேன்.

ஏற்றுமதிக் கதவு திறக்கிறது என்றால் இறக்குமதிக் கதவும் சேர்ந்தே திறக்கிறது. ஒப்பந்தம் என்பது கொடுக்கல் வாங்கல். இதை விளங்கிக்கொள்ள மிளகைவிட நல்ல உதாரணம் இல்லை.

மிளகுக்காகத்தான் வாஸ்கோ ட காமா கடல் தாண்டி வந்தான் என்று பள்ளியில் படித்தோம். ஒரு காலத்தில் உலகச் சந்தையில் நம் மிளகுதான் ராஜா. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்த இடத்தை வியட்நாம் பிடித்துவிட்டது. அங்கே ஹெக்டேருக்கு இரண்டு டன்னுக்கு மேல் எடுக்கிறார்கள். நம் நாட்டுச் சராசரி அரை டன்னைக்கூடத் தொடுவதில்லை. அந்த வியட்நாமும் ஆசியானில் உறுப்பு நாடு. ஆசியான் ஒப்பந்தத்தில் மிளகுக்கான வரியை 70 சதவீதத்திலிருந்து படிப்படியாக 50 சதவீதத்துக்கும், தேயிலை, காப்பிக்கான வரியை 100 சதவீதத்திலிருந்து 45 சதவீதத்துக்கும் 2019க்குள் இறக்க இந்தியா ஒப்புக்கொண்டது. 50 சதவீதம் பெரிய சுவர்தானே என்று தோன்றும். சுவருக்குப் பக்கத்திலேயே ஒரு சந்து இருந்தது. இலங்கையோடு உள்ள ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் மிளகு வரியே இல்லாமல் வரலாம். அதற்கு மேல் வருவதற்கு, தெற்காசிய ஒப்பந்தத்தின்படி 8 சதவீத வரிதான். வியட்நாம் மிளகு இலங்கையில் இறங்கி, இலங்கை மிளகு என்ற பெயரோடு இங்கே வருகிறது என்று குடகிலும் வயநாட்டிலும் இடுக்கியிலும் மிளகு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் கத்தினார்கள். 2016 வாக்கில் கிலோ 700 ரூபாயை ஒட்டி நின்ற விலை 2019 வாக்கில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. வியட்நாமில் விளைச்சல் பெருகி உலகெங்கும் விலை விழுந்ததும் இதற்குக் காரணம், எல்லாப் பழியையும் ஒப்பந்தத்தின் மேல் போட முடியாது. இடையில் 2017 டிசம்பரில் ஒன்றிய அரசு, கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யக் கூடாது என்று ஆணை போட்டது. 2020 செப்டம்பரில், பொருள் எந்த நாட்டில் விளைந்தது என்பதற்கான சான்றுகளை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும் என்று சுங்க விதிகளையும் இறுக்கினார்கள்.

இதற்குள் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. மிளகிலிருந்து எண்ணெய்ச் சாறு எடுத்து ஏற்றுமதி செய்யும் ஆலைகளுக்கு, ஏற்றுமதிக்காக என்று சொல்லி வெளிநாட்டு மிளகை வரியில்லாமல் கொண்டுவர அனுமதி உண்டு. அந்தச் சாறு கப்பலேறும்போது இந்தியாவின் மசாலா ஏற்றுமதிக் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. ஏற்றுமதி கூடியது என்று செய்தி வருகிறது. கூடியது உண்மைதான். ஆனால் அதில் எத்தனை மூட்டை நம் கொடியில் காய்த்தது? ஏற்றுமதியாளருக்கு மலிவான மிளகு வேண்டும், விவசாயிக்கு விலை வேண்டும். ஏற்றுமதி என்ற ஒரே சொல்லுக்குள் எதிரெதிரான இரண்டு நலன்கள் ஒளிந்திருக்கின்றன. பேச்சுவார்த்தை மேசையில் எந்தக் குரல் சத்தமாகக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். கூடலூர், பந்தலூர், வால்பாறை, ஏற்காடு, தாண்டிக்குடி என்று மிளகு விளையும் இடங்களிலெல்லாம் சில்வர் ஓக் மரத்திலோ வேறு நிழல் மரத்திலோ கொடி ஏறியிருக்கும். மூங்கில் ஏணியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு காய் பறிக்கும் வேலை. ஏணி சறுக்கினால் இடுப்பு போய்விடும். கொடியின் சொந்தக்காரர் ஒருவர், ஏணியில் நிற்பவர் வேறொருவர். விலை பாதியாகும்போது சொந்தக்காரர் என்ன செய்கிறார்? கொடிக்கு உரம் வைப்பதைத் தள்ளிப்போடுகிறார். களையெடுப்பு மூன்று தடவைக்குப் பதில் ஒரு தடவை. பறிப்புக்கு இருபது பேரைக் கூப்பிட்டவர் பன்னிரண்டு பேரோடு நிறுத்திக்கொள்கிறார், அல்லது கிலோக் கணக்கில் கூலி பேசுகிறார். அவருடைய நட்டம் கணக்கில் வருகிறது. சங்கம் மனுக் கொடுக்கிறது, மசாலா வாரியம் கூட்டம் போடுகிறது, எம்.பி. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கிறார். அந்த எட்டுப் பேர் இழந்த வேலைநாள்கள் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. வேலை போனதாக அவர்கள் சொல்லிக்கொள்ளக்கூட முடியாது, ஏனென்றால் வேலை இருந்ததற்கே காகிதம் இல்லை.

அந்த எட்டுப் பேர் யார் என்பதற்குப் புள்ளிவிவரம் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் உழைக்கும் பட்டியல் சாதியினரில் ஏறத்தாழ 46 சதவீதம் பேர் விவசாயக் கூலிகள். சொந்தமாகப் பயிரிடுபவர்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், சாகுபடி நிலப்பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருந்தது 9 சதவீதத்துக்கும் குறைவு. மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கு இருப்பவர்களின் நிலம் இவ்வளவுதான். தமிழ்நாட்டில் நாம் ஐந்தில் ஒரு பங்கு. 1892இல் வெள்ளைக்கார அரசே ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் யார் கையில் இருக்கின்றன என்பதை இந்தப் பகுதியின் வாசகர்களுக்கு நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்றுமதியின் பலன் முழுக்க நிலத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. ஏற்றுமதிக்குத் தோட்டத்தைப் பதிவு செய்ய நிலத்தின் ஆவணம் வேண்டும். பயிர்க்கடனுக்குச் சிட்டா, அடங்கல் வேண்டும். பி.எம். கிசான் உதவித்தொகைக்குச் சொந்த நிலம் வேண்டும். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து, ஆண்டு முழுக்கப் பாடுபட்டு, பாதி விளைச்சலை அளந்து கொடுக்கும் நம் ஆட்களுக்குச் சிட்டாவும் இல்லை, அடங்கலும் இல்லை. வரி பூஜ்யமானாலும் அந்தப் பூஜ்யம் இவர்கள் வீட்டு வாசலுக்கு வராது. 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் அண்ணல் அம்பேத்கர், விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும், சாதி பார்க்காமல் கிராம மக்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட வேண்டும், நிலக்கிழாரும் குத்தகைதாரரும் நிலமற்ற கூலியும் என்ற பிரிவே இருக்கக் கூடாது என்று முன்வைத்தார். அது நடக்காத நாட்டில் கையெழுத்தாகும் எந்த விவசாய ஒப்பந்தமும் நிலமுள்ளவருக்கும் வியாபாரிக்கும் இடையிலான பேச்சாகத்தான் இருக்கும்.

ஏற்றுமதியே கூடாது என்பது என் கட்சி அல்ல. ஊறுகாய் போடும் சின்ன வெள்ளரி முழுக்க முழுக்க ஏற்றுமதிக்காகவே தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஆந்திராவிலும் ஒப்பந்த முறையில் பயிராகிறது. காய் பிஞ்சாக இருந்தால்தான் விலை என்பதால் தினமும் பறித்தாக வேண்டும். அதனால் பெண்களுக்கு ஊருக்குப் பக்கத்திலேயே தொடர்ச்சியாக வேலை கிடைக்கிறது. கூலி போதாது என்பது வேறு விஷயம். வேலைநாள் கூடுவதை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். மழை பொய்த்த ஊரில் அது பெரிய காரியம்.

வரி நீங்கினாலும் நீங்காத இன்னொரு சுவர், பூச்சிமருந்து எச்சம். ஐரோப்பிய நாடுகளில், தனியாக அளவு வரையறுக்கப்படாத மருந்தென்றால் ஒரு கிலோ பொருளில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தாண்டினால் சரக்கைத் திருப்பி அனுப்பலாம். குடிப்பவர் உடம்புக்குப் பாதுகாப்பு வேண்டும், அது நியாயம்தான். ஆனால் அந்த மருந்தை முதுகில் பத்து, பதினைந்து லிட்டராகச் சுமந்து அடித்தவரின் நுரையீரலில் எத்தனை மில்லிகிராம் என்று யார் அளந்தார்கள்? மழைக்காலத்தில் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து, வெயில் காலத்தில் செஞ்சிலந்திக்கு ஒரு மருந்து, தரையில் களைக்கொல்லி. முகக்கவசம் ஸ்டோரில் இருக்கிறது என்பார்கள். "அதப் போட்டா மேட்டுல ஏற மூச்சு வாங்குது, போடாட்டி ராத்திரி பூரா இருமல்" என்றார் என்னோடு பேசிய ஒரு பெரியவர். மருந்து அடிக்கும் வேலை லயன்களில் யாருக்குப் போகிறது, மேற்பார்வை வேலை யாருக்குப் போகிறது என்பதைப் பார்த்தாலே சாதி தெரிந்துவிடும். 2010இல் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, மருந்து கையாளுவோரின் பாதுகாப்புக்கென்று ஒரு தனி அத்தியாயமே சேர்த்தார்கள். அது காகிதத்தில் இருந்தது. பிரிட்டன் ஒப்பந்தத்திலும் தொழிலாளர் நலனுக்கு ஒரு அத்தியாயம் உண்டு. ஆனால் அதை மீறினால் தகராறு தீர்க்கும் அமைப்புக்குப் போக முடியாது. அங்கே வழக்காடும் வழி வர்த்தக அத்தியாயங்களுக்குத்தான்.

இறக்குமதியாளர் கேட்பதையெல்லாம் செய்தால் தொழிலாளிக்கும் நல்லது நடக்கும் என்று நம்புகிறவர்கள் மாஞ்சோலையைப் பார்க்க வேண்டும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கிய காட்டில் உருவான தோட்டங்கள் அவை. அங்கே இயற்கை வேளாண் சான்றிதழோடு விளைந்த தேயிலை வெளிநாட்டுக்கும் போனது. ஆனால் கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தோழர்களை விடுவிக்கக் கோரியும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலிக்கு ஊர்வலமாக வந்த அந்தத் தொழிலாளர்கள்மீதும் ஆதரவாளர்கள்மீதும் காவல்துறை தடியடி நடத்தியது. ஒரு குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். 2024இல் குத்தகை முடியும் முன்பே விருப்ப ஓய்வு என்ற பெயரில் அவர்களை மலையிலிருந்து இறங்கச் சொல்லிவிட்டார்கள். தலைமுறைகளாக ஏற்றுமதித் தரத்தில் கொழுந்து பறித்தவர்களுக்கு அந்த மலையில் ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லை.

வர்த்தக ஒப்பந்தங்களில் எனக்கு மிகவும் உறுத்தும் சொல் 'பிறப்பிடச் சான்றிதழ்'. ஒரு மூட்டை மிளகுக்குச் சலுகை வேண்டுமென்றால் அது அந்த நாட்டில்தான் விளைந்தது என்று சான்று தர வேண்டும். தயாரிப்புப் பொருளென்றால் அதன் மதிப்பில் 35 சதவீதமாவது அந்த நாட்டில் உருவாகியிருக்க வேண்டும் என்பது இலங்கை ஒப்பந்தத்தின் பொதுவிதி. இரண்டு அரசுகளும் அதற்கென்று அலுவலகம், படிவம், முத்திரை எல்லாம் வைத்திருக்கின்றன.

இதே இரண்டு அரசுகள் பொருளுக்கு முன்பே மனிதர்களுக்கும் ஒப்பந்தம் போட்டன. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் இருந்த நம் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். பத்தாண்டு கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். மிளகுக்கு 2,500 டன் என்று ஒதுக்கீடு வைப்பதற்கும் இதற்கும் நடைமுறையில் என்ன வித்தியாசம்? அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. கங்காணிகளின் பின்னால் கடல் கடந்து போனவர்களில் பெரும்பகுதியினர் சேரிகளிலிருந்து போனவர்கள். திரும்பி வந்தவர்களில் பலருக்கு வேலை தருவதற்காகத்தான் நீலகிரியில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டம் உருவானது. அதிலும் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கும் முடிவு 2022இல் வந்துவிட்டது. நட்டம் என்றார்கள்.

தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் சாதிச் சான்றிதழுக்கு அலைகிறார்கள். உன் பூர்வீக ஊர் எது, தாத்தாவின் சான்று எங்கே, இலங்கையிலிருந்து வந்தவர் எப்படி இங்கே பட்டியல் சாதி ஆவார் என்று கேள்விகள். கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டையைக் காட்டினாலும் போதவில்லை என்கிறார்கள். சான்று தாமதமாகி, கல்லூரியில் இட ஒதுக்கீட்டு இடத்தை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் மில்லுக்குப் போன பிள்ளைகளை நான் அறிவேன். கொழும்பிலிருந்து வரும் மிளகுக்குப் பிறப்பிடம் நிரூபணமாகிறது. அதே கொழும்பு வழியாக வந்தவரின் பேத்திக்கு மூன்று தலைமுறை ஆகியும் நிரூபணமாகவில்லை.

இந்த ஒப்பந்தங்களை யார் முடிவு செய்கிறார்கள் என்பதையும் மாணவர்கள் ஒருமுறை அரசமைப்புச் சட்டத்தைத் திறந்து பார்க்கலாம். ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 14ஆவது பதிவு, வெளிநாடுகளோடு ஒப்பந்தம் செய்வது. மாநிலப் பட்டியலின் 14ஆவது பதிவு, விவசாயம். எண் ஒன்றுதான், அதிகாரம் இரண்டு இடத்தில். விவசாயத்தைப் பாதிக்கும் ஒப்பந்தத்தை மாநிலத்தைக் கேட்காமலே டெல்லி கையெழுத்திடலாம் என்பது நடைமுறையாகிவிட்டது. ஆசியான் ஒப்பந்தத்தின்போது கேரளத்தில் 2009 அக்டோபர் 2 அன்று மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மனிதச் சங்கிலி நின்றது. அந்த மிளகும் தேயிலையும் விளைகிற நீலகிரியும் வால்பாறையும் நம்முடையவை, ஆனாலும் இங்கே அப்படி ஒரு சலனம் எழவில்லை. ஒப்பந்தப் பேச்சுக்கு முன் ஏற்றுமதியாளர் கூட்டமைப்புகளைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள், வாரியங்களைக் கேட்கிறார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்தைக் கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆசியான் ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்யும் பேச்சுகள் தொடங்கியிருக்கின்றன. மிளகு, தேயிலை வரிகள் மறுபடி மேசைக்கு வரலாம். விலை வீழ்ச்சிக்கு நிவாரணம் என்று ஏதாவது அறிவித்தால், அது ஏக்கர் கணக்கில் மட்டும் இருக்கக் கூடாது, இழந்த வேலைநாள் கணக்கிலும் இருக்க வேண்டும் என்று இப்போதே கேட்டாக வேண்டும். அதற்கு முதலில் வேலைநாள் எழுத்தில் இருக்க வேண்டும். தோட்டங்களில் செக்ரோலில் பேர் இல்லாமல் வேலை செய்கிறவர்கள், தினமும் எந்தத் தோட்டத்தில், என்ன வேலை, எவ்வளவு கூலி என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் வேலைநாள் குறைந்தது பற்றித் தீர்மானம் கேட்கும்போது, கையில் நீட்டுவதற்கு அந்த நோட்டு இருக்கும்.